மோரி குடித்த பால்

தாராவியில் எங்களுக்குக் கிடைத்த ரூமில் ஒரே ஒரு மூலைதான் எனக்குப் பிடிக்கவில்லை. மோரி. முழங்கால் உயரத் தடுப்புக்குப் பின்னால், குளிக்க, பாத்திரம் கழுவ, துணி அலச எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மூலைதான். தண்ணீர் போகும் ஓட்டைக்குள்ளிருந்து ஊறிய முடியும் அழுகிய சோறும் கலந்த நாற்றம் வரும். பினாயில் ஊற்றினால் பினாயிலும் சேர்ந்து நாறும், அவ்வளவுதான்.

மகள் பிறந்து மூன்றாம் மாதமே நான் தையல் பட்டறைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. "எடுக்க எடுக்கத்தான் பால் ஊறும், கட்ட விட்டுராதீங்க" என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். காலையில் கையால் பீய்ச்சி டம்ளரில் மூடி வைத்துவிட்டுப் போவேன். பக்கத்து ரூம் மாரீஸ்வரி அக்கா பாலாடையில் புகட்டுவாள். சாயங்காலம் மீந்ததை மோரியில் ஊற்றினேன்.

"ஏட்டி சங்கரேஸ்வரி, தாய்ப்பால கொண்டு சாக்கடையிலயா ஊத்துவாங்க? செடி வேருல ஊத்து" என்றாள் அக்கா.

"செடிக்கு நா எங்கக்கா போவேன்? இங்க மனுசன் நிக்கவே எடம் இல்ல."

முதலில் கவனித்தது சத்தத்தைத்தான். தண்ணீர் தேங்கித் தேங்கி இறங்கும் அந்த ஓட்டையில் பால் மட்டும் நிற்கவே நிற்காது. சப், சப் என்று உள்ளே போகும்.

பிறகு நாற்றம் மாறியது. சாக்கடையோடு, பிள்ளை கக்கிய புளித்த பால் வாடை. சீ! சோற்றுத் தட்டை அப்படியே தள்ளி வைத்தேன்.

அப்புறம்தான் அது நடந்தது. மகள் வீறிட்டு அழுதாலும் எனக்குப் பால் இறங்கவில்லை. மோரி களகளத்தால் பால் தானாகச் சுரந்து நைட்டி நனைந்தது.

என் உடம்பே எனக்கு அருவருத்தது.

என் வீட்டுக்காரர் பேச்சிராஜாவிடம் அழுதேன். "எலியாத்தான் இருக்கும். கெடக்கு, விடு" என்றார். ஆனாலும் சிமெண்ட் குழைத்து ஓட்டையை அடைத்துப் பூசினார். "தண்ணிய வெளிய ஊத்திக்கிடுவோம்."

அன்றோடு எனக்குப் பால் நின்றது.

மகள் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினாள். டப்பா பால் கொடுத்தால் அப்படியே வாந்தி. கன்னம் ஒட்டிப்போனது. அழுகைகூடப் பூனைக்குட்டி முனகுவது மாதிரி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். "தாய்ப்பால் எப்படியாவது வரணும், இல்லேன்னா பிள்ளை தாங்காது" என்றார் டாக்டர்.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் மத்தியானம், வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும், சுத்தியலை எடுத்துச் சிமெண்டை உடைத்தேன்.

உள்ளே, களக்.

மார் கனத்தது.

மகளை இடப்பக்கம் போட்டுக்கொண்டு அந்த வழுக்குத் தரையிலேயே உட்கார்ந்தேன். மடக் மடக்கென்று குடித்தாள். வலப்பக்கத்துப் பாலை ஓட்டைக்குள் பீய்ச்சினேன். கையை எடுத்தால் அவளுக்கும் நின்றுவிடுகிறது. கருமம், வேறு என்ன செய்ய? மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு கொடுத்தேன்.

இப்போது தினமும் இப்படித்தான். மகள் கன்னம் உப்பிவிட்டது. "இப்பத்தாம்ட்டி பிள்ள பிள்ளையா இருக்கா" என்று அக்கா கொஞ்சுகிறாள். நான் குளித்துக் குளித்து என் தோலே உரிகிறது.

நேற்று ஓட்டையில் முடி அடைத்திருந்தது. விரலை விட்டு நோண்டினேன்.

ஏதோ விரலைக் கவ்வியது.

வெதுவெதுப்பாக. சப்பியது.

பிடுங்கிக்கொண்டேன். சோப்புப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தும் புளித்த வாடை போகவில்லை. விரல் நுனியில் அரிசி அளவு இரண்டு பள்ளம், பக்கத்தில் பக்கத்தில். ரத்தம் கசிந்தது.

என் மகளுக்குக்கூட இன்னும் பல் முளைக்கவில்லை.