பாலறிமானியும் விளிம்புச் சுற்றும்

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் செம்பரிதி நகரில் எல்லோரும் காபியைக் குடித்துவிட்டு ஈயச் சட்டையை மாட்டிக்கொள்வார்கள். செவ்வாய்க் கோளில் உடம்பின் எடை பூமியில் இருப்பதில் பாதிகூடத் தேறாது. ஈயம் இல்லாமல் சைக்கிளில் ஏறினால், வழியில் ஒரு சின்ன மேடு வந்தாலும் ஆள் வண்டியோடு மேலே கிளம்பி, சாவகாசமாகத்தான் இறங்குவார். அதற்காக ஓட்டாமல் இருக்கவும் முடியாது. வேலை கொடுக்காத எலும்பு அங்கே வெகு சீக்கிரம் மெலிந்துவிடும்.

ஆகவே ஊரே வாரம் ஒருமுறை மிதித்தது. யாரும் யாரையும் முந்தவில்லை. பரிசு கிடையாது, கோப்பை கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் விளிம்புச் சுற்று உண்டு. பெரும்பள்ளம் ஒன்றின் விளிம்பை வளைத்துச் செல்லும் கண்ணாடிக் குழாய்ப்பாதையில் மூன்று நாள் பயணம். பேச்சும் பாட்டுமாகப் போய், வழியில் காற்றுக் கூடாரங்களில் தங்கி, செவ்வாயின் நீல நிற விடியலைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.

தமயந்தி அந்த ஊரின் ஒரே பல் மருத்துவர். மதுரையிலிருந்து வந்து குடியேறியவள். அவள் திருநங்கை என்பது ஊருக்கே தெரியும். அதைப் பேசி யாரும் பொழுது போக்கியதில்லை. பெண்களின் வைகறை அணியில்தான் அவள் ஓட்டினாள். பூமியில் அவளுடைய அம்மா இறந்த செய்தி ஒரு விளிம்புச் சுற்றின் நடுவில்தான் வந்தது. போய்ப் பார்க்க வழியில்லாத தூரம். அன்று கூடாரத்தில் பசுங்கூடத் தோட்டக்காரி பெனசீர் விடியும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு ஒரு சுற்றைக்கூடத் தமயந்தி தவறவிட்டதில்லை.

இந்த நிம்மதியைக் குலைத்தது டயர். செவ்வாயில் ரப்பர் கிடையாது. பூமியில் இயங்கிய அனைத்துக்கோள் மிதிவண்டிப் பேரவையில் சேர்ந்தால் டயர்கள் தவறாமல் வந்துசேரும் என்று ஊர் மிதிவண்டிக் கழகத்தின் செயலாளர் கோதண்டபாணி கண்டுபிடித்தார். சேர்ந்தார். டயர்களோடு ஒரு நிபந்தனையும் வந்தது. ஆண், பெண் என்று பிரித்து ஓட்டும் எந்தப் பயணத்திலும் யார் எந்த வகை என்பதைக் கருவி வைத்து உறுதி செய்ய வேண்டும். போட்டி இல்லாத உல்லாசப் பயணமானாலும் இதே விதிதான். கருவியையும் பேரவையே அனுப்பியிருந்தது. அதன் பெயர் பாலறிமானி. எடை பார்க்கும் இயந்திரம் போன்ற ஒரு மேடை. ஏறி நின்றால் எலும்பின் அடர்த்தி, தசையின் பருமன், இரத்தத்தில் ஓடும் சுரப்புகள் எல்லாவற்றையும் அளந்து, ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லும்.

கோதண்டபாணி கெட்டவர் அல்ல. செவ்வாயிலேயே பிறந்து வளர்ந்தவர். பூமியிலிருந்து வரும் எதுவும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர். அவர் தமயந்தியின் மருத்துவமனைக்கு நேரில் வந்து, இதெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்றும், ஒரு நிமிடம் ஏறி இறங்கினால் முடிந்துவிடும் என்றும், ஒருவேளை கருவி வேறு மாதிரி சொன்னால் அவள் தனியாகப் பின்னால் வர ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். தனியாக என்ற சொல்லில் தமயந்தி நின்றுவிட்டாள்.

"எனக்கு மட்டுமா சார், இல்ல எல்லாருக்குமா?"

மற்றவர்களைப் பற்றிச் சந்தேகம் ஏதும் இல்லையே என்றார் அவர். வைகறை அணியோடு பழுது பார்க்க வரும் இயந்திரன் இருக்கிறதே, அதற்குச் சந்தேகம் இல்லையா என்று அவள் கேட்டாள். அதற்குத்தான் பெண் குரல் வைத்திருக்கிறார்களே என்று கோதண்டபாணி இயல்பாகச் சொன்னார். சொன்ன பிறகு அவருக்கே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். பல்லைக் காட்டாமலே எழுந்து போய்விட்டார்.

அன்று மாலை பெனசீர் அவளைத் தேடி வந்தாள். வருஷக்கணக்காக மருந்து எடுத்துக்கொள்கிற உடம்புதானே, ஏறினால் அது பெண் என்றே சொல்லக்கூடும், எதற்கு வம்பு என்பது அவள் வாதம்.

"சொல்லும்னுதான் நானும் நினைக்கிறேன்," என்றாள் தமயந்தி. "ஆனா ஏறமாட்டேன். இன்னைக்கு அது என்னைச் சரின்னு சொல்லும். நாளைக்கு வேற யாரையோ இல்லைன்னு சொல்லும். அன்னைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவளோட சைக்கிள் ஓட்டுறது?"

"அப்போ சுத்துக்கு வரமாட்டியாக்கா?"

"வருவேன். ஈயச் சட்டையோட வந்து கதவுகிட்ட நிப்பேன். அவர் என்னை மறிக்கணும்னா ஊர் பார்க்க மறிக்கட்டும்."

சொன்னபடியே வந்து நின்றாள். விளிம்புப் பாதையின் வாயிலில் பாலறிமானி பளபளத்துக்கொண்டிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் கழகத்தார் அத்தனை பேரும் வண்டிகளோடு கூடியிருந்தார்கள். கோதண்டபாணி தயங்கித் தயங்கி வந்து, ஏறினால்தான் விட முடியும் என்றார். அவள் ஏறமுடியாது என்றாள். குரல் உயரவில்லை.

பெனசீர் தன் வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு முன்னால் வந்தாள். "அப்போ எல்லாரும் ஏறுவோம் சார். என்னிலிருந்து ஆரம்பிங்க."

ஏறினாள். பாலறிமானி சற்று முனகியது. அதை வடிவமைத்தவர்கள் பூமியின் உடம்புகளை மட்டுமே அளந்து கணக்குப் போட்டிருந்தார்கள். செவ்வாயில் பிறந்து, செவ்வாய்க் காய்கறி தின்று, மெலிந்து நீண்ட எலும்புகளை அதற்குத் தெரியாது. வகைப்படவில்லை என்றது. அடுத்து ஸ்டெல்லா ஏறினாள். அவள் மூன்று பிள்ளை பெற்றவள். கருவி அவளை ஆண் என்றது. கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. ஸ்டெல்லா சிரிக்கவில்லை. இறங்கி நேராகத் தமயந்தியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அவளுக்குப் பின்னால் வைகறை அணி முழுவதும் அங்கே போய் நின்றது.

கருவியைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று கோதண்டபாணி பொறுமையிழந்தார். நிமிர்ந்து, அசையாமல் நிற்க வேண்டும். எப்படி என்று தானே காட்டுவதாகச் சொல்லி மேடையில் ஏறினார். நிமிர்ந்தார். அசையவில்லை. பாலறிமானி இந்த முறை முனகவேயில்லை.

பெண் என்றது.

அவர் இறங்கி மறுபடி ஏறினார். மறுபடியும் அதே சொல். அவருடைய முகம் சுருங்கிப்போயிற்று. யாரைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல், கடைசியில் தமயந்தியைப் பார்த்தார்.

"நான் யாருன்னு எனக்குத் தெரியாதா டாக்டரம்மா?"

அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அந்த வாரம் முழுவதும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்த வாக்கியங்கள். அவற்றில் ஒன்றையும் அவள் எடுக்கவில்லை.

"தெரியும் சார். எங்க யாருக்கும் அதுல சந்தேகம் இல்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் கருவியை உதைத்துத் தள்ளியிருப்பார். கோதண்டபாணி செயலாளர் அல்லவா? அவர் நிர்வாகக் குழுவை ஓரமாகக் கூட்டிப் போனார். திரும்பி வந்து ஒரு தீர்மானத்தை அறிவித்தார். நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்குக் கருவிச் சோதனை தேவையில்லை. அவர்கள் வாய்ச்சொல்லே போதும்.

பூமியிலிருந்து இத்தனை தூரம் வந்தும் மனிதர்கள் கைவிடாமல் கொண்டுவந்த பொருள்களில் இந்தச் சலுகையும் ஒன்று.

அவர் எதிர்பார்த்த கூச்சல் எழவில்லை. தமயந்தி நிதானமாகக் கேட்டாள்: குழுவில் உறுப்பினராக என்ன தகுதி வேண்டும்? ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிய வேண்டும், கழகத்தில் பெரும்பான்மையினர் கூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று யாரோ சொன்னார்கள். கழகமே அங்கேதான் கூடியிருந்தது.

தமயந்தி முதலில் ஸ்டெல்லாவின் பெயரை முன்மொழிந்தாள். பெனசீர் வழிமொழிந்தாள். ஸ்டெல்லா பெனசீரை முன்மொழிந்தாள். பெனசீர் தமயந்தியை. பிறகு வரிசை ஆண்கள் பக்கம் போயிற்று. கால் இரண்டும் இயந்திரமான சுரங்கத் தொழிலாளி ஒருவர், கைநடுக்கத்தோடு வந்திருந்த ஓய்வுபெற்ற விமானி, புதிதாகக் கல்யாணமான ஜோடி என்று எல்லோர் பெயரும் ஒலித்தது. கூட்டம் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் செயலாளர் ஒருவருக்கே இருந்தது. அவர் தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு வார்ப்பட்டையை இறுக்கினார்.

மொத்த ஊரும் நிர்வாகக் குழுவாகப் புறப்பட்டது. குழாய்ப்பாதை அகலமானது. வழக்கமாக முன்னும் பின்னுமாகப் பிரிந்து போகும் ஆண், பெண் அணிகள் இரண்டும் அன்று கலந்தே ஓட்டின. தமயந்தி எல்லோருக்கும் முன்னால் போனாள். யாரும் போட்டி வைக்கவில்லை. அவளுக்கு அன்று முன்னால் போக வேண்டும் போலிருந்தது. ஏற்றத்தில் மூச்சு வாங்க எழுந்து நின்று மிதித்தாள். முதல் கூடாரத்தில் பெண்களோடு படுத்து, அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள்.

அடுத்த ஆண்டு அனைத்துக்கோள் பேரவை தன் கிளைகளை ஆராய்ந்தபோது, வகை குறித்து ஒரு தகராறும் எழாத ஒரே கிளை செம்பரிதிதான் என்று கண்டு வியந்தது. எந்த முறையில் உறுதி செய்தீர்கள் என்று விளக்கம் கேட்டது. கோதண்டபாணி வெகுநேரம் யோசித்து, ஒரே வரியில் பதில் அனுப்பினார்: ஆளையே கேட்டோம்.

பூமியில் அந்தப் பதில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. வல்லுநர்கள் கூடினார்கள். இப்போது அவர்கள் ஒரு புதிய கருவியை உருவாக்கி வருகிறார்கள். முன்னால் போய் நின்றால், நீங்கள் யார் என்று அது கேட்குமாம். கேட்கும் பகுதி முடிந்துவிட்டது; நன்றாகவே வேலை செய்கிறது. சொல்லும் பதிலை நம்பலாமா என்பதில்தான் துணைக்குழு இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.