எட்டாவது திருகி

பல்லடத்தில் வேலப்பன் இறந்துபோன வீட்டில் யாருக்கும் அழுகை வரவில்லை. பந்தல் போட்டாயிற்று, ஐஸ் பெட்டி வந்தாயிற்று, ஒப்பாரிக்கு ஒலிபெருக்கி கூட ஏற்பாடாகிவிட்டது. பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள், வழக்கம் விட்டுப்போகக் கூடாதே என்று ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு, ஒலிபெருக்கியில் ஓடிய பழைய பதிவில் முகம் தெரியாத ஒருத்தி அழுவதற்கு ஏற்றபடி அசைந்துகொண்டிருந்தார்கள். கண்கள் மட்டும் சித்திரை மாதத்து நொய்யல் போல வறண்டு கிடந்தன.

அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அழுவதற்கு அவர்களிடம் திருகி இல்லை, அவ்வளவுதான்.

பதினெட்டு வயதானால் எல்லோருக்கும் பிடரியில் உணர்விழை ஏற்றிவிடுகிற காலம் அது. மனத்துக்குள் ஓடுகிற இருநூற்றுச் சொச்சம் உணர்ச்சிகளும் தனித்தனி இழைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு எண்ணோடு திரையில் தெரியும். அவற்றை ஏற்றி இறக்க இடுப்பில் எண்திருகி என்ற சின்னப் பெட்டி. முன்னொரு காலத்தில் இசையமைப்பாளர்கள் மேசைமேல் ஒரு திருகுப் பெட்டியை வைத்துக்கொண்டு, இந்தத் திருகி எதிரொலிக்கு, இந்தத் திருகி குரலின் கனத்துக்கு என்று மென்பொருளோடு தங்கள் இஷ்டத்துக்குப் பிணைத்துக்கொள்வார்களே, அதே பெட்டிதான். பாட்டு இருந்த இடத்தில் இப்போது ஆள்.

பெட்டியில் திருகிகள் எட்டே எட்டு. பிணைக்காத இழை விட்ட இடத்திலேயே உறைந்து நிற்கும். ஆகவே எந்த எட்டு என்று தேர்ந்தெடுப்பதிலேயே ஒருவருடைய வாழ்க்கை அடங்கிவிடும். தூக்கம் வேண்டும், பசி வேண்டும், மாமியார் உள்ள வீடென்றால் பொறுமை கண்டிப்பாக வேண்டும். துக்கத்தை எவன் வைத்துக்கொள்வான்? இழை ஏற்றிய அன்றே செத்தவர்களை நினைக்கச் சொல்லி, எந்த இழை எழும்புகிறதோ அதைப் பூஜ்ஜியத்துக்குத் திருகி, பிணைப்பை அவிழ்த்துவிடுவார்கள். அந்தத் திருகி வேறு உருப்படியான காரியத்துக்குப் போய்விடும்.

வேலப்பனின் மருமகன் தரணிதரனுக்கு இந்தப் பிணைப்பு வேலைதான் தொழில். பாடைக்கு மூங்கில் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தவனை அவன் மனைவி சிந்துஜா பக்கத்து அறைக்குள் கூப்பிட்டாள்.

"எங்கய்யனுக்கு அழுகோணுமுங்க," என்றாள். "எடுக்கறதுக்குள்ள."

தரணி தன்னாலான மட்டும் சொல்லிப் பார்த்தான். அதற்கு இருக்கிற எட்டில் ஒன்றை விடவேண்டும், பழக்கமில்லாத இழை தாங்காது, நாளைக்கே அவிழ்க்கச் சொல்லி வந்து நிற்பாள் என்றான். அவள் பிடித்த பிடியை விடவில்லை. பெற்ற அப்பனை ஐஸ் பெட்டியில் பார்த்துவிட்டு, அடுத்து காபி குடிக்கலாமா என்று தோன்றுகிறது, இது என்ன பிழைப்பு என்று கேட்டாள். தூக்கத்தை எடுத்துவிடச் சொன்னாள்.

"எட்டாவத மட்டும் தொட்டறாதீங்க."

அதை அவள் சொல்லியிருக்கவே வேண்டாம். எட்டாவது திருகி தாலிக்குச் சமம். கல்யாண மேடையில் முகூர்த்த நேரம் வந்ததும் ஐயர் கையை உயர்த்துவார், கெட்டிமேளம் முழங்கும், மாப்பிள்ளை தாலி கட்டுவான். அந்தக் கணத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்க, எந்த இழை என்று பெட்டி கற்றுக்கொள்வதற்கான கற்பொத்தானைப் பிணைப்பாளர் அழுத்துவார். அதை அழுத்தியிருக்கும் வரை எல்லா இழைகளும் உறைநிலை நீங்கி இயல்பாக ஓடும். அப்போது எது மிக அதிகமாகத் துள்ளுகிறதோ அது தொட்ட திருகியோடு பிணைந்துவிடும். அந்த இழைக்கு அன்பு என்று சீட்டு ஒட்டுவது பிணைப்பாளரின் வேலை. ஒருவர் கண்ணை மூடும்வரை அதைத் திரும்ப அவிழ்த்துப் பார்ப்பது அபசகுனம். தினமும் விளக்கு வைத்ததும் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து எட்டாவது திருகியை ஏற்றுவார்கள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். அன்பென்றால் அப்படித்தான் அடித்துக்கொள்ளும் என்று ஊர் உலகத்துக்கே தெரியும்.

தரணி அவள் பெட்டியைத் தன் திரையோடு இணைத்துத் தூக்கத் திருகியை அவிழ்த்தான். கற்பொத்தானை அழுத்திக்கொண்டு, அப்பாவை நினைத்துக்கொள் என்றான்.

வேலப்பன் பெரிதாக எதுவும் சாதித்தவரில்லை. கல்லில் ஒட்டிப் பிய்ந்துபோகும் முதல் தோசையை, எனக்கு இதுதான் பிடிக்கும் என்று சொல்லித் தன் தட்டில் போட்டுக்கொள்கிற மனுஷர். சிந்துஜாவுக்குக் கல்யாணமாகித் தன் வீட்டில் தோசை வார்த்த பிறகுதான், அந்தப் பிய்ந்த தோசை யாருக்கும் பிடிக்காது என்று தெரிந்தது. அதைத்தான் இப்போது நினைத்தாள். திரையில் அறுபத்தொன்றாம் இழை விசும்பி எழுந்தது.

அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு வெளியே ஒலிபெருக்கியை யாரோ நிறுத்திவிட்டார்கள். அவளுடைய அத்தை சரசாத்தாள் கதவருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பயந்து திரும்பிப் போனாள். அவள் வயதுக்கு அது ஒரு காலத்தில் கேட்ட சத்தம்தான்.

சிந்துஜா அழுது அழுது, மூச்சு வாங்க நிமிர்ந்தாள். எதிரே பொத்தானை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்தாள். அறுபத்தொன்றாம் இழை இறங்கவில்லை, இன்னும் உயரே ஏறியது. திரையில்தான் ஏதோ கோளாறு என்று தரணி நினைத்தான்.

"இப்ப என்ன நெனச்ச?" என்றான்.

"உங்களத்தானுங்க. ஆஸ்பத்திரியில அய்யன் காலு சில்லுன்னு ஆயிருச்சுன்னு கையில வெச்சுத் தேச்சுட்டே உக்காந்திருந்தீங்கல்ல." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இத்தன வருஷம் நான் உங்கள இப்பிடிப் பாத்ததே இல்லீங்க. இப்பத்தான் பாக்கறேன்."

தரணி திரையில் எட்டாவது திருகியின் இழையைத் தேடினான். நூற்றுப் பதினாறு. அது காற்றில்லாத குளமாகக் கிடந்தது. மனைவி கணவனைக் கண்ணில் நீர் வழியப் பார்த்துக்கொண்டிருக்க, தொழில் தெரிந்த மாப்பிள்ளை என்று தன் கல்யாணத்தில் அன்பு என அவனே சீட்டு ஒட்டிய இழையில் ஒரு சலனமும் இல்லை.

அப்போது தெருவில் வேட்டுப் போட்டார்கள். நூற்றுப் பதினாறு துள்ளிக் குதித்தது. அடுத்த வேட்டுக்கும் குதித்தது.

தரணிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. தும்மல், அழுகை, வேண்டாத சொல் எதுவும் தாலி கட்டும் நேரத்தில் காதில் விழக்கூடாது என்றுதான் பெரியவர்கள் கெட்டிமேளம் வைத்தார்கள். இரண்டு தவிலும் இரண்டு நாகஸ்வரமும் காதருகே ஒரே நேரத்தில் முழங்கினால் எந்த உடம்பும் தூக்கிவாரித்தான் போடும். முன்பின் பழகாத இரண்டு பேருக்குள் அந்தக் கணத்தில் மிக அதிகமாகத் துள்ளுவது வேறு எதுவாக இருக்க முடியும்? ஊரிலுள்ள தம்பதிகள் எல்லோரும் அந்தி சாயும் நேரத்தில் விளக்கு வைத்து, எதிரெதிரே உட்கார்ந்து, பக்தியோடு ஏற்றிக்கொண்டிருப்பது திடுக்கிடலை.

உண்மையான இழை துக்கம் என்ற பெயரில் பதினெட்டு வயதிலேயே பூஜ்ஜியத்தில் உறைந்துவிட்டது. செத்தவர்களை நினைத்தபோது எழும்பியதும் உயிரோடு இருப்பவர்களைப் பார்த்தால் எழும்பியிருக்கக் கூடியதும் ஒரே இழை. ஒன்றை வேண்டாம் என்றவர்களுக்கு இன்னொன்றும் இல்லாமல் போனது. கணக்கு அவ்வளவு சுருக்கம்.

அவன் திருகியைப் பிணைத்து முடித்துவிட்டு இதையெல்லாம் அவளிடம் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பிறகு அவன் இடுப்புப் பெட்டியைத் தொட்டாள்.

"உங்களுக்கும் போட்டுக்கங்க. இப்பவே போட்டுக்கங்க."

"எதுக்கு?" என்றான் தரணி.

அவன் குத்தலாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டான். தன் பெட்டியைப் பார்த்தான். எதை விடுவது? வேலைக்கவனத்தையா, பசியையா? விட்டு எதைப் பெறுவது? மாமனாருக்காக அழுவதையா? அது வேண்டும் என்று தோன்றுவதற்கே உள்ளே அது கொஞ்சம் இருக்க வேண்டும். அவனுக்குள் ஒரு துளி இல்லை. கிணற்றில் இருந்தால்தானே வாளியில் வரும்? ஆஸ்பத்திரியில் அவர் காலைத் தேய்த்தது கூட நர்ஸ் சொன்னதால்தான்.

ஆனாலும் மனைவி முகம் வாடுவது தெரிந்தது. அவளைச் சமாதானப்படுத்த அவனிடம் இருந்தது ஒரே வழி. எட்டாவது திருகியை முழுக்க ஏற்றினான். நெஞ்சு படபடவென்று அடித்தது. தெருவில் இன்னொரு வேட்டு வெடித்ததும் தோள்கள் குலுங்கிக் கண்ணை இறுக மூடிக்கொண்டான். மூடிய கண்ணைத் திறந்தபோது சிந்துஜா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை சன்னியில் கிடந்தால் தாய் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

பாடை தெருமுனை திரும்பும்வரை அவள் அழுதாள். கூட்டத்தில் ஒருத்தி அழ, மற்றவர்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் திரும்பிவந்து தலைமுழுகிய பிறகு, அவள் அறைக்குள் தரணிக்காகக் காத்திருந்தாள்.

"எடுத்துருங்க," என்றாள். "அய்யன் போனதக் கூடத் தாங்கிக்குவேனுங்க. ஒத்தை ஆளா இத வெச்சுட்டு உங்ககூட ஒரே வீட்டுல இருக்க முடியாதுங்க."

அவன் அறுபத்தொன்றை மெல்ல இறக்கினான். இறங்கும்வரை அவள் அவன் மணிக்கட்டைப் பற்றியிருந்தாள். பூஜ்ஜியத்தைத் தொடும்போது அந்தப் பிடி தானாகத் தளர்ந்தது. அவன் பிணைப்பை அவிழ்த்துத் தூக்கத்தைப் பழையபடி மாட்டினான். காபி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே அவள் எழுந்து போனாள்.

கருமாதி முடிந்து அவிநாசியில் ஒரு கல்யாணம். பெண் வீட்டாரிடம் தரணி, பிணைக்கிற கணத்தில் மட்டும் மேளத்தை நிறுத்தலாமா என்று கேட்டுப் பார்த்தான். கெட்டிமேளம் இல்லாமல் ஒரு கல்யாணமா, சொந்தபந்தம் காறித் துப்பாதா என்று பெண்ணின் தகப்பனார் திருப்பிக் கேட்டார். தரணி வற்புறுத்தவில்லை. அறிந்ததைச் சொல்ல நாக்கு போதும், வற்புறுத்த வேறு ஏதோ வேண்டியிருக்கிறது.

ஐயர் கையை உயர்த்தினார். மேளம் முழங்கியது. பொத்தானை அழுத்திய தரணியின் திரையில் இரண்டு பெட்டிகளிலும் ஏதோ ஒரு இழை கூரையைத் தொட்டது. "நல்லாப் பதிஞ்சிருச்சுங்க," என்றான். முன்வரிசையிலிருந்து சிந்துஜா அட்சதை போட்டாள்.

வீடு திரும்பியதும் அவள் விளக்கேற்றினாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து எட்டாவது திருகியை ஏற்றிக்கொண்டார்கள்.

"அடிக்குதுங்களா?" என்றாள்.

"அடிக்குது," என்றான்.