மணல்மேட்டில் ஆளில்லை

காலை பத்து மணிக்கு நான் பேயைப் பார்க்க உட்காருவேன். 'ஏழாம் அறை' என்ற டி.வி. பேய்த் தொடரின் தொடர்ச்சிச் சரிபார்ப்பாளர் நான். பதினோரு வருடமாக இதே நாற்காலி. முந்தாநாள் பேயின் இடக்கன்னத்தில் இருந்த தழும்பு இன்று வலக்கன்னத்துக்குப் போயிருக்கும். 1920ஆம் வருடக் கிணற்றடியில் பிளாஸ்டிக் வாளி தொங்கும். ஆட்சேபக் குறிப்பு எழுதுவேன், மாற்றுவார்கள்.

சிரிக்காதீர்கள். சர்வர் கிடங்குகள் எரிந்து நாட்டின் ஆவணமெல்லாம் சாம்பலான பிறகு, நினைவகம் என்ற இயந்திரம் காலியான வருடங்களை ஒளிபரப்புகளைக் கொண்டுதான் நிரப்புகிறது. முன்கூட்டியே யாரும் ஆட்சேபிக்காமல் கோடிப் பேர் பார்த்துவிட்ட காட்சி, நடந்த சம்பவமாகப் பதிவாகிவிடும். பிறகு பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது.

இன்றைய பகுதியில் மணல்மேடு குடியிருப்பு வந்தது. 2071ஆம் வருட வெள்ளம். பேய் கதவு கதவாகத் தட்டி எச்சரிக்கிறது. குடியிருப்பே படகேறி உயிரோடு வெளியேறுகிறது. அந்த வெள்ளத்தில்தான் மணல்மேட்டில் தங்கியிருந்த என் தம்பி சேந்தன் போனான். உடல் கிடைக்கவில்லை. சேற்றில் கிடைத்த அவனுடைய கல்லூரி அடையாள அட்டை இன்றும் என் கைப்பையில் இருக்கிறது.

அட்டையை ஆதாரமாக இணைத்து ஆட்சேபித்தேன். திரையில் சிவப்பு எழுத்து வந்தது: 'நிராகரிப்பு. உங்கள் குறிப்பு 2291உடன் முரண்.'

தேடி எடுத்தேன். மூன்று வருடத்துக்கு முன் நான் எழுதியதுதான். 'வெள்ளக் காட்சி, படப்பிடிப்புத் தளம் 14. கதைப்படி இங்கே ஆளில்லை. பின்னால் ஓடும் இரண்டு பிள்ளைகளை நீக்கவும்.' அப்போது அது வெறும் தளம் 14. போன மாதம்தான் கதாசிரியர்கள் அதற்கு மணல்மேடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாவிகள். ஆளில்லாத இடத்தில் என் தம்பி எப்படிச் செத்தான் என்று கேட்கிறது இயந்திரம்.

தயாரிப்பு மேலாளர் எட்வினின் அறைக்கு ஓடினேன்.

"சார், 2291ஐ வாபஸ் வாங்கிக்கிறேன்."

"வாங்கிக்கலாம் கோதை. ஆனா ஒரு குறிப்பு தப்புன்னு நீயே ஒத்துக்கிட்டா, நீ எழுதின எல்லாக் குறிப்பும் செல்லாமப் போயிடும். தெரியும்ல?"

"தெரியும்."

"அந்த ஆலை விபத்து? நாப்பத்திரண்டு பேரையும் பேய் அடிச்சதா எழுதியிருந்தாங்க. பாய்லர் வெடிச்சுதான் செத்தாங்கன்னு மாத்துனது நீதானே? அதுவும் போயிடும்மா."

"இவன் என் தம்பி சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஆறு அம்பது. ஏழுக்கு ஒளிபரப்பு."

திரும்பி வந்து வாபஸ் பொத்தான்மேல் விரலை வைத்தேன். அந்த நாற்பத்திரண்டு பேரின் வீட்டாரும் இந்த அலுவலக வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். ஒவ்வொரு முகமும் எனக்கு ஞாபகம் இருந்தது. விரலை எடுத்துவிட்டேன்.

ஏழு மணிக்குப் பேய் கதவைத் தட்டியது. கோடிப் பேர் பார்த்தார்கள்.

ஏழே முக்காலுக்கு அம்மா போன் செய்தாள்.

"கோதை! நினைவகத்துல பாத்தேன்டி. நம்ம சேந்தன் பேருக்கு நேரா 'உயிருடன் வெளியேறியவர்'னு போட்டிருக்கு. நான் அன்னைக்கே சொன்னேன்ல, அவனுக்கு நல்லா நீச்சல் தெரியும்னு?"

பதினான்கு வருடமாக அம்மா இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ஊரார் பிழையெல்லாம் திருத்தியவள், கைப்பையில் இருந்த சேந்தனின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"என்னடி பேசமாட்டேங்கிற? இனிமே வாசக்கதவைத் தாழ் போடாம வைக்கட்டுமா?"

"வைம்மா" என்றேன்.