இடது சக்கரம்

வானத்தில் மனிதனின் தனிமை அடியோடு ஒழிந்துவிட்டது என்று அரசிதழே அறிவித்து ஆறு வருடம் ஆகிறது. ஒவ்வொரு சிறகூர்தியிலும் 'துணைவன்' என்ற பேசும் பொறி உண்டு. ஓட்டும், பாடும், ஆறுதல் சொல்லும். அதற்குத் தெரிந்த நகைச்சுவைகள் மொத்தம் பதினொன்று.

மனைவி தவறியபின், வியாழன்தோறும் தன் 'சிட்டு' ரகச் சிறகூர்தியில் தூத்துக்குடி உப்பளங்களைச் சுற்றிவருவது கோமதிநாயகத்தின் வழக்கம். பதினொன்றும் இரண்டாவது வாரமே தீர்ந்துபோயின.

ஒரே ஒரு கோளாறுக்கு மட்டும் துணைவன் போதாது என்றது சட்டம். சக்கரம் இறங்கவில்லையென்று ஓட்டுபவர் சந்தேகப்பட்டால், தரையில் ஒரு மனிதர் அண்ணாந்து பார்த்துச் சொல்லவேண்டும். எரிபொருள் தீர்ந்து ஊர்தி இறங்கும்வரை, நாற்பது நிமிடமும் பேச்சுக்கொடுத்துத் தைரியமூட்டவேண்டும்.

கோமதிநாயகம் வாராவாரம் சந்தேகப்பட்டார்.

"எஸ்தர் மேடம், இடது சக்கரம் இறங்கலை."

"போன வாரமும் இடதுதானே சார்? வலதுக்கும் ஒரு சான்ஸ் குடுங்க" என்பாள், விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் பணியிலிருக்கும் எஸ்தர்ராணி. இன்று குரலைத் தாழ்த்தினாள். "சார், இதோட அம்பத்திரண்டு தடவையாம். விசாரிக்க விமானத்துறை இயக்குநரே வந்திருக்காரு. அந்தப் பக்கம் தொலைநோக்கியைத் துடைச்சுக்கிட்டு நிக்காரு. பொய்னு தெரிஞ்சா உங்க உரிமம் போயிரும். என் வேலையும்தான்."

சொன்னதைத் திரும்பப் பெற வழியில்லை. துணைவன் பதிவு செய்துவிட்டது.

தாழப் பறந்தார். கோபுர மாடியில் இரண்டு முகங்கள் அண்ணாந்தன. ஒரே நேரத்தில் இரண்டு பேர் தன்னைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தார். அந்தப் பயத்திலும் யோசித்தார்.

கனத்த குரல் ஒன்று வந்தது. "இயக்குநர் நல்லபெருமாள் பேசுகிறேன். முப்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாதிதான் இறங்கியிருக்கிறது. சுற்றிக்கொண்டே இருங்கள்."

கோமதிநாயகத்துக்கு நிஜமாகவே வியர்த்தது. "பாதியா சார்?"

"பாதி." தொலைநோக்கியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"இட்லி. நேத்து வச்ச குழம்பு."

"இங்கேயும் அதேதாங்க. ஒத்தை ஆளுக்கு தினம் யாரு குழம்பு வைக்கிறது?"

நாற்பது நிமிடம் போதவில்லை. எரிபொருள் தீர்ந்துவிட்டதே என்று கோமதிநாயகம் இறங்கினார். மெதுவாக, பத்திரமாக, மூன்று சக்கரத்திலும்.

விசாரணை அறிக்கையை இயக்குநரே எழுதினார். கோளாறு உண்மையானது, மிகக் கடுமையானது, இனி வியாழன்தோறும் தாமே நேரில் வந்து கண்காணிப்பார்.

சிட்டு ரகத்தின் சக்கரங்கள் மடங்குவதில்லை, உடலோடு பற்றவைக்கப்பட்டவை. கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் அது இருக்கிறது. கையேட்டை எழுதியவர் நல்லபெருமாள்.