சாயந்தரம் அனுப்பிவிடுகிறேன்

எங்கள் நாட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் ஆணைக்குழுவுக்குப் பஞ்சம் வராது. ஓர் அரசாங்கம் போய் இன்னொன்று வரும். வந்த சூட்டோடு, காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கிறோம் என்று ஓர் ஆணைக்குழுவும் வரும். சிங்களமும் தமிழும் தெரிந்த பாவத்துக்கு அப்படிப்பட்ட சிலவற்றில் நான் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருக்கிறேன். என் பெயர் சுந்தரி, வீடு கெலிஓயாவில். பேய் பிசாசுக்குப் பயந்தவள் இல்லை நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக நான் வேலை செய்த ஆணைக்குழு, கண்டி டவுனுக்கு மேலே மலையில் ஏறும் ரோட்டோரம் ஒரு பழைய பங்களாவில் கூடியது. வெள்ளைக்காரத் துரை யாரோ கட்டியது. காலையில் வேன் எங்களை வாசலில் இறக்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கீழே வாவியும் தெரியவில்லை, டவுனும் தெரியவில்லை, எல்லாவற்றையும் பனி மூடியிருந்தது. சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். "எல்லாம் உங்களுக்காகத்தான்" என்று காவலாளி சிரித்தான்.

உள்ளே போனதும் பெயிண்ட் வாசனை மூக்கை அடைத்தது. கொஞ்ச நேரம் போனபிறகு அதற்கு அடியில் இன்னொரு வாசனை தெரிந்தது. பெட்ரோல். அதோடு ஈரச் சாக்கு புளித்த நாற்றம்.

விறாந்தையில் சாட்சி சொல்ல வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஹாலில் மேசைக்குப் பின்னால் மூன்று உறுப்பினர்கள். அவர்களுக்கும் பின்னால் ஒரு கதவு, அதில் பெரிய ஆமைப் பூட்டு. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. பக்கத்தில் ஒரு சட்டத்தரணி அம்மா. மூன்றாமவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. பாதுகாப்பு விஷயம் தெரிந்தவர் என்று போட்டிருந்தார்கள். சிங்களவர்தான், ஆனால் தமிழ் அவ்வளவு அழகாகப் பேசுவார். "சாப்பிட்டாச்சா சுந்தரி?" என்று அவர் கேட்டபோது எனக்கு மனசு குளிர்ந்துபோனது. இன்றைக்கு அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

கோர்ட்டில் போலவே இங்கேயும் பெயர் கூப்பிட ஒரு ஆராச்சி இருந்தார். பண்டா என்று பெயர். வயசானவர், நல்ல மனுஷன். வாசலில் போய் நின்று பெயரை மூன்று தடவை கூப்பிடுவார். அதில் ஒரு கூத்து என்னவென்றால், வீட்டார் கொடுத்த முறைப்பாடுகள் எல்லாம் காணாமல் போனவர்களின் பெயரிலேயே இருந்தன. அதனால் அவர் கூப்பிட்டதும் அந்தப் பெயர்களைத்தான். வரமுடியாதவனைக் கூப்பிடுவார், அவனைப் பெற்றவளோ கட்டினவளோ எழுந்து வருவாள். அரசாங்க வேலை என்றால் சும்மாவா.

முதல் பெயரை மூன்றாவது தடவை கூப்பிட்டு முடித்ததும் பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மர வாங்கிலிருந்து யாரோ எழுந்திருக்கும் சத்தம்.

"எலி" என்றார் ஆணைக்குழுவின் செயலாளர்.

அடுத்த பெயருக்கும் அதே சத்தம். வாங்கு கிறீச்சிட்டது. வெறுங்கால் சிமெந்துத் தரையில் பட்டது. பிறகு ஒன்றுமில்லை. பண்டா என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

மத்தியானத்துக்குப் பிறகுதான் பாலம்மாவின் முறை. மஹய்யாவக்காரர். மாநகரசபையில் தெருக்கூட்டும் வேலை செய்து ஓய்வுபெற்றவர். கஞ்சி போட்ட வெளிர்நீலச் சேலை, கையில் நனைந்த குடை. கூப்பிடுவதற்கு முன்பே என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"மிஸ், அந்த ஆராச்சி ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. எம்மவன் பேர ரெண்டு தடவ கூப்புட்டா போதும். மூணாவது தடவ கூப்புட வேணாம்."

"ஏம்மா?"

"செத்தவங்கள மூணு தடவ பேர் சொல்லிக் கூப்புட்டா வந்து நின்னுருவாங்க மிஸ். நான் இத்தன வருஷமா அவன் பேர மூணு தடவ சேந்தாப்ல சொன்னதில்ல. கூப்புட்டு அவன் வந்துட்டா, அவ்வளவுதான, இல்லன்னு ஆயிரும்ல. கூப்புடாத வரைக்கும் எங்கயோ இருக்கான்."

எங்கள் ஆட்களிடம் இதோடு சேர்ந்த இன்னொரு நம்பிக்கையும் உண்டு. பொழுது சாய்ந்தபிறகு வாசலில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே ஏன் என்று கேட்கக்கூடாது. பேய் ஒரு தடவை கூப்பிடும், ரெண்டு தடவை கூப்பிடும், மூன்றாவது தடவை கூப்பிடாது. மூன்றாவது குரலுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். என் அம்மாவும் எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்தார்.

பண்டாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை. வாசலில் நின்று "லெட்சுமணன்" என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

கதவுக்குப் பின்னால் சத்தமில்லை. ஆனால் அங்கே யாரோ காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பது போல இருந்தது.

பாலம்மா கதிரையில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். டவுனில் குண்டு வெடித்த வருஷம். மகன் ஒரு புடவைக் கடையில் வேலை. குண்டுக்கும் அவனுக்கும் அமாவாசைக்கும் அப்துல் காதருக்கும் உள்ள சம்பந்தம்தான். ஆனால் மஹய்யாவயில் வீடு வீடாகப் பையன்களைத் தேடினார்கள். அவனை அலவத்துகொடயில் ஆஸியா உம்மா என்ற சிநேகிதியின் வீட்டில் ஒளித்து வைத்திருந்தார். அப்போது ஓர் அதிகாரி பாலம்மாவின் வீட்டுக்கே வந்து, தேத்தண்ணி குடித்து, நல்ல தமிழில் பேசியிருக்கிறார்.

"ஒளிச்சு வச்சா சந்தேகம் கூடும்மா, நீங்களே கூட்டிட்டு வாங்க, ரெண்டு கேள்வி கேட்டுட்டு சாயந்தரம் அனுப்பிடுறேன்னாரு. நான் போக மாட்டேன்னான் எம்புள்ள. நாந்தான் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். இந்த விறாந்தைலதான் ஒரு நீட்டு வாங்கு கெடந்துச்சு, அதுல உக்கார வச்சேன். உள்ளேர்ந்து பேர கூப்புட்டாங்க. அவன் எந்திரிக்கல. மூணாவது கொரலுக்குத்தான் எந்திரிக்கணும்னு சின்னப்புள்ளைலேர்ந்து நான் பழக்கி வச்சிருந்தேன். மூணாவது தடவ கூப்புட்டதும்தான் எந்திரிச்சான். ஏன்டா லேட்டுன்னு கதவுகிட்டயே அறஞ்சாங்க. நான் சொல்லிக்குடுத்ததுக்குத்தான் மொத அடி."

ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். சட்டத்தரணி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது மூன்றாமவர் மேசைமேல் சாய்ந்து தமிழில் பேசினார். காலையிலிருந்து அவர் சாட்சிகளிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"அம்மா, பயப்படாதீங்க. இது எஸ்டேட் பங்களா. இங்க எப்பவும் கேம்ப் இருந்ததே இல்ல. அப்படி ஒரு வாங்கும் இல்ல. மகன் வெளிநாட்டுக்குப் போயிருப்பார்."

பாலம்மா தலையை நிமிர்த்தினார். அவர் பார்த்தது முகத்தை அல்ல, குரலை.

"ஐயா தானா?" என்றார். "எங்க வூட்ல தேத்தண்ணி குடிச்ச ஐயா தானா?"

நான் அதையும் சிங்களத்தில் சொன்னேன். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு சுருக்கெழுத்துக்காரியிடம், "சாட்சிக்கு வயதாகிவிட்டது. இந்த இடத்தை எழுத வேண்டாம்" என்றார்.

நான் அதைத் தமிழில் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வேலியே பயிரை மேய்ந்தது பழைய கதை. மேய்ந்த வேலியையே விசாரிக்க உட்காரவைத்திருந்தார்கள்.

பாலம்மா கதிரையை விட்டு எழுந்தார். மேசையைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் இருந்த பூட்டிய கதவைப் பார்த்தார். என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. "வேணாம்மா" என்று கையைப் பிடித்தேன்.

"இவங்க இல்லன்னு சொல்றாங்க மிஸ். எம்புள்ள இங்க வரவே இல்லயாம்." என் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டார். "உசுரோட இருக்கான்னு நான் வச்சிருந்த நெனப்பு ஒண்ணுதான் மிச்சம். அதையும் இவங்களுக்கே குடுத்துடுறேன்."

பிறகு, பண்டா கூப்பிடாமல் விட்ட மூன்றாவது தடவையை அவர் கூப்பிட்டார்.

"லெச்சுமணா."

மழைச் சத்தம் நின்றுவிட்டது.

வாங்கு கிறீச்சிட்டது.

வெறுங்கால் சத்தம், ஈரக்கால், சதக் சதக்கென்று கதவை நோக்கி வந்தது. பெட்ரோல் வாசனையில் கண் எரிந்தது.

"அம்மா." இளம் குரல். தொண்டை கட்டிய குரல். "சாயந்தரம் ஆயிருச்சாம்மா?"

சுருக்கெழுத்துக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோருக்கும் கேட்டது. தமிழ் தெரியாத தலைவருக்கும் கேட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், மொழிபெயர்ப்புக்காக. நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாலம்மாவின் கண்ணிலிருந்து அப்போதுதான் தண்ணீர் வந்தது. "ஆயிருச்சுய்யா. எப்பவோ ஆயிருச்சு. வா, வூட்டுக்குப் போவோம்."

பூட்டு ஒரு தடவை ஆடியது.

"ஐயா இன்னும் போகச் சொல்லலியேம்மா."

பாலம்மா மூன்றாமவரின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "ஐயா, ஒங்கள நான் ஒண்ணுங்கேக்கல. ஜெயிலுக்குப் போங்கன்னு சொல்லல. போடான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்கதான சாயந்தரம் அனுப்புறேன்னு சொன்னீங்க. இத்தன பேர் முன்னால ஒரு வார்த்த சொல்லி அனுப்பி வுட்ருங்க."

ஒரு வார்த்தைதான். ஆனால் அதைச் சொன்னால் அவன் இங்கே இருந்தான் என்று ஆகிவிடும். அவருடைய நெற்றியில் வேர்வை வழிந்தது. உதடு ஒரு தடவை பிரிந்தது. சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

"எனக்கு ஒன்றும் கேட்கவில்லை" என்றார், சிங்களத்தில்.

தலைவர் விசாரணையை ஒத்திவைத்தார். பண்டாதான் யாரையும் கேட்காமல் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். உள்ளே ஜன்னல் இல்லாத அறை. நடுவில் ஒரு நீட்டு வாங்கு. அதில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஈரம். கூரை ஒழுகுகிறது என்றார் செயலாளர். பண்டா அண்ணாந்து பார்த்தார். கூரை காய்ந்து கிடந்தது. பாலம்மா அந்த ஈரத்தில் கையை வைத்து, அதை எடுத்து முகத்தில் தடவிக்கொண்டார்.

நாங்கள் வெளியே வந்தபோது, புதிதாகக் கழுவிய விறாந்தையில் வெறுங்கால் தடங்கள் இருந்தன. அவை பாலம்மாவிடம் போகவில்லை. மூன்றாமவரின் கார் நின்ற இடம்வரை போய் அதோடு முடிந்தன.

அறிக்கை வந்தது. அந்தக் கட்டிடத்தில் எவரும் தடுத்துவைக்கப்பட்டதற்கு ஆதாரமில்லை என்று எழுதியிருந்தார்கள். மொழிபெயர்த்தது நான்தான். பாலம்மா மகாவலி ஆற்றங்கரையில் மகனுக்குக் காரியம் செய்தார். நானும் போயிருந்தேன். கரை முழுக்கக் காகம். ஒன்றுகூட அந்தச் சோற்றில் வாய் வைக்கவில்லை. "எப்புடி வைக்கும்?" என்றார் பாலம்மா. "அவன இன்னும் வுடலியே."

போன வாரம் பொழுது சாயும் நேரத்தில் எனக்கு ஒரு போன் வந்தது. அதே அழகான தமிழ், ஆனால் மூச்சு வாங்கியது.

"சுந்தரி, அவன் தினமும் வாறான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து வாசல்ல நிக்கிறான். சாயந்தரம் ஆயிருச்சான்னு கேக்கிறான். போ, போன்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன். போறான் இல்ல. நீங்க மொழிபெயர்ப்பாளர்தானே, அவனுக்கு எடுத்துச் சொல்லுங்க."

"அவனுக்கு உங்க தமிழ் நல்லா வெளங்கும் மாத்தயா" என்றேன். "அத நம்பித்தான வந்தான். ஆளுங்க முன்னால சொல்லச் சொன்னப்ப சொல்லல. இப்ப கதவ மூடிக்கிட்டு ஒங்க வீட்டுக்குள்ள சொன்னா எப்படிப் போவான்?"

அவர் அழத் தொடங்கினார். அழுகைக்குப் பின்னால் மரம் கிறீச்சிட்டது. ஈரக்கால் சத்தம் போனுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"சாயந்தரம் ஆயிருச்சாங்க ஐயா?"

அவர் அழுதுகொண்டேயிருந்தார்.

"சாயந்தரம் ஆயிருச்சாங்க ஐயா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பேய் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது என்று என் அம்மா சொல்லித் தந்திருக்கிறார்.

அவன் மூன்றாவது தடவையும் கேட்டான்.