எண்பது வரும் வரை

எனக்குப் பயம் வந்தால் உடனே எண்ணத் தொடங்கிவிடுவேன். மாடிப்படி, ஜன்னல் கம்பி, வகுப்பில் எத்தனை பேர் கண்ணாடி போட்டிருக்கிறார்கள் என்று எது கிடைத்தாலும் சரி. அதனால் வீட்டில் எனக்குக் ‘கணக்கு’ என்று பெயர். தம்பிக்கு ‘வாலு’ என்று பெயர். அது ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அவனோடு ஐந்து நிமிடம் இருந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை அம்மா ஒரு கார் சாவியை ஆட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்தார்.

அம்மா நர்ஸ். மூன்று வருடமாக ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்தார். இனிமேல் பகல் வேலை. நோயாளிகளின் வீடுகளுக்கே போய்க் கட்டு மாற்ற வேண்டும், ஊசி போட வேண்டும். அதற்காகப் புது அலுவலகம் ஒரு சின்ன வெள்ளைக் காரைக் கொடுத்திருந்தது. ஹைபிரிட் கார்.

“ஹைபிரிட்னா என்னம்மா?” என்றான் வாலு.

“பெட்ரோல் எஞ்சினும் இருக்கும், கரண்ட்ல ஓடற மோட்டாரும் இருக்கும். எது எப்ப ஓடணும்னு வண்டியே முடிவு பண்ணிக்கும்.”

“அப்ப நீ என்ன பண்ணுவ?”

“நான் மகாராணி மாதிரி உட்காந்திருப்பேன்,” என்று அம்மா சிரித்தார்.

அந்தச் சாவியைப் பார்த்து வீட்டிலேயே அதிகம் சந்தோஷப்பட்டது நான்தான். ஏன் என்று அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவுக்கு ரொட்டிக் கடையில் வேலை. காலை நாலு மணிக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வர ஆறு மணி ஆகும். நடுவில் இரண்டு மணி நேரம் வீட்டில் நானும் வாலுவும் மட்டும்தான்.

பயமாக இருந்தால் போன் செய்யச் சொல்லி மாடி வீட்டு டீச்சர் நம்பர் கொடுத்திருந்தார். ஆனால் போன் செய்யப் போர்வையை விட்டு வெளியே வர வேண்டுமே! வாலு இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான். ஃப்ரிட்ஜ் உறுமும். குழாய் எங்கேயோ ‘டொக்’ என்னும். நான் போர்வைக்குள் நொடிகளை எண்ணிக்கொண்டு கிடப்பேன். இரண்டு மணி நேரத்துக்கு ஏழாயிரத்து இருநூறு நொடிகள்.

சனிக்கிழமை எல்லோரும் காரில் ஏறினோம். புது வேலையில் பாதி வீடுகள் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். எங்கள் பள்ளியும் அந்தப் பக்கம்தான். அதனால் திங்கட்கிழமைக்கு முன்னால் ஒருமுறை அந்த வழியாகப் போய்ப் பார்த்துவிடலாம் என்றார் அம்மா.

சிக்னலில் பச்சை விழுந்தது. கார் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு முன்னால் போனது. பக்கத்தில் உறுமிக்கொண்டு நின்ற பெரிய கார் பின்னால் தங்கிவிட்டது. வாலு அதற்கு டாட்டா காட்டினான்.

“பொடி வண்டி, ஆனா கிளம்பற வேகத்தைப் பாரேன்!” என்றார் அப்பா. அவருக்கு ஓட்டத் தெரிந்த ஒரே வண்டி சைக்கிள். ஆனால் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டால் ஓட்டுவதைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார்.

நெடுஞ்சாலையில் சேர ஒரு ஏறுபாதை இருக்கிறது. வளைந்து மேலே போய், கொஞ்ச தூரம் நேராக ஓடி, பெரிய சாலையோடு கலந்துவிடும். அங்கே வண்டிகள் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும். பாதை முடிவதற்குள் நாமும் அந்த வேகத்துக்கு வந்துவிட வேண்டும்.

அம்மா ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தார்.

அதுவரை தூங்கிக்கொண்டிருந்த எஞ்சின் திடீரென்று விழித்து, “ஊஊஊஊ!” என்று அலறியது. யாரோ அதன் வாலை மிதித்துவிட்ட மாதிரி ஓர் அலறல். வேகம் துவண்டது. அம்மா மறுபடி மிதித்தார். மறுபடி அலறல். மறுபடி துவண்டது.

“மிதி! மிதி!” என்றார் அப்பா. அடுத்த நொடி, “விடு! விடு!”

“மிதிக்கவா, விடவா?” அம்மாவின் குரல் கீச்சென்று வந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். பின் கண்ணாடி முழுக்க ஒரு லாரியின் முகம். வானமே தெரியவில்லை. அது அடித்த ஹாரனில் என் பற்கள் அதிர்ந்தன. அம்மா ஸ்டியரிங்கை ஒடித்துக் காரை ஓரத்தில் நிறுத்தினார். லாரி எங்களை உரசுகிற மாதிரி கடந்து போனது. கார் தொட்டில் போல ஆடியது.

அந்த லாரிக்கு ஒரு பக்கத்தில் ஐந்து சக்கரங்கள். நான் எண்ணினேன்.

கார் நின்றதும் எஞ்சினும் அடங்கிவிட்டது. ஒரு சத்தமும் இல்லை.

“வண்டி செத்துப்போச்சா?” என்று வாலு மெதுவாகக் கேட்டான்.

அம்மா பின்னால் திரும்பி எங்கள் இருவரையும் தலை முதல் கால் வரை பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சாவியை மேசை மேல் வைத்தார். “திங்கட்கிழமை இதைத் திருப்பிக் கொடுத்துடறேன். ஆஸ்பத்திரில கேட்டா மறுபடி நைட் டியூட்டி கொடுப்பாங்க.”

“இன்னொரு தடவை ஓட்டிப் பாரேன்,” என்றார் அப்பா.

“பின்னாடி பிள்ளைங்க உட்காந்திருந்தாங்க. பாத்தீங்க இல்ல?”

அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வாலுகூடத் தட்டில் பாதியை மிச்சம் வைத்தான்.

எனக்கு இரண்டு பக்கமும் பயம். கார் இருந்தால் லாரி. கார் போனால் நாலு மணி முதல் ஆறு மணி வரை. எது பெரிய பயம் என்று யோசித்தேன், பிடிபடவில்லை. வழக்கம்போல எண்களிடம் போனேன். அந்த ஏறுபாதையில் நான் பார்த்த எண்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்தால், வேகம் காட்டும் எண் தெளிவாகத் தெரியும்.

முப்பத்தெட்டு. நாற்பத்தேழு. ஐம்பத்திரண்டு. அப்புறம் நாற்பத்தொன்பது. ஐம்பத்து மூன்று. அப்புறம் நாற்பத்தெட்டு.

ஏறிக்கொண்டிருந்த எண் ஏன் இறங்கியது?

மறுநாள் மதியம் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நான் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றேன்.

“அம்மா, மூடிப்போன மில்லுக்குப் பின்னாடி ஒரு நேர் ரோடு இருக்கு இல்ல? ஞாயித்துக்கிழமை அங்க ஈ காக்கா இருக்காது. ஒரே ஒரு தடவை போலாமா?”

“எதுக்குடி?”

“ஒண்ணு எண்ணிப் பாக்கணும்.”

அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்தார். வாலுவும் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்து ஏறிக்கொண்டான்.

அந்தச் சாலையில் உண்மையிலேயே யாரும் இல்லை. “முப்பதுல இருந்து எண்பது வரைக்கும் போம்மா. எத்தனை நொடி ஆகுதுன்னு நான் எண்ணறேன்,” என்றேன்.

அம்மா மிதித்தார். எஞ்சின் அலறியது. நான் எண்ணினேன். எண்பது வருவதற்குப் பதினேழு ஆகிவிட்டது.

“அம்மா, அது கத்தினதும் நீ காலை எடுக்கற.”

“நான் எங்க எடுத்தேன்?”

“எடுத்த. ரெண்டு தடவை. உன் முழங்கால் மேல வந்துச்சு. கையும் ஸ்டியரிங்கை விட்டுட்டுக் கீழ எதையோ தேடுச்சு.”

அம்மா காரை ஓரமாக நிறுத்தினார். தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கியரைத் தேடிருக்கு,” என்றார். “நாம வித்த பழைய கார்ல எஞ்சின் கத்தினா கியர் மாத்தணும்னு அர்த்தம். காலை எடுத்துட்டுத்தான் மாத்தணும். பதினஞ்சு வருஷமா அப்படித்தானே ஓட்டினேன்! எனக்கே தெரியாம பழைய வண்டியை ஓட்டிட்டு இருக்கேன்.”

“இதுல மாத்தறதுக்குக் கியரே இல்லையே?”

“இல்லதான். எல்லாம் தானா நடக்கும்.”

“அப்ப கத்தினா கத்தட்டுமே. அது அதோட வேலையைப் பாக்குது.”

“கேக்கறப்ப வண்டி உடைஞ்சிடும்னு பயமா இருக்குடி.”

“நானும் கத்தறேன்மா,” என்றான் வாலு. “அப்ப அது கத்தறது உனக்குக் கேக்காது.”

அடுத்த முறை எஞ்சின் “ஊஊஊ” என்றதும் வாலு அதைவிடப் பலமாக “ஊஊஊஊஊ!” என்று ஊளையிட்டான். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கால் அசையவில்லை. எஞ்சினின் சத்தம் ஒரே மாதிரி இருக்க, எண் மட்டும் கடகடவென்று ஏறியது.

“ஏழு!” என்று கத்தினேன். “எண்பது வந்துடுச்சு! ஏழே நொடி!”

“ஏழா? நீ மெதுவா எண்ணிட்டியா?” அம்மா காரை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தார். “கண்ணை மூடிட்டு அறுபது வரைக்கும் எண்ணு. நான் இதுல பாக்கறேன்.”

எண்ணினேன். அறுபது என்று நான் சொன்னபோது போனிலும் சரியாக அறுபது.

“இவ்வளவு சரியா எண்ண எங்கடி கத்துக்கிட்ட?”

நான் என் விரல் நகத்தைப் பார்த்தேன். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் வாய் கேட்கவில்லை.

“அப்பா நாலு மணிக்குப் போனதுல இருந்து நீ ஆறு மணிக்கு வர்ற வரைக்கும் எண்ணுவேன். தினமும்.”

“தினமுமா? ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ அங்க வேலை செய்யறப்ப பயப்படுவியே.”

அம்மா இறங்கி வந்து, பின்சீட்டில் எனக்கும் வாலுவுக்கும் நடுவில் புகுந்து உட்கார்ந்தார். என் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டார். வாலு சண்டை போடாமல் நகர்ந்து இடம் கொடுத்தான். அது ஓர் அதிசயம்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனார். “மறுபடி எண்ணு,” என்றார்.

அன்றைக்கு எட்டு முறை ஓட்டினார். ஏழு, ஏழு, எட்டு, ஏழு என்றுதான் வந்தது.

ஆனால் அது காலிச் சாலை. திங்கட்கிழமை காலை ஏறுபாதையின் அடியில் வந்து சேர்ந்தபோது நான் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். மேலே வண்டிகள் பறக்கிற இரைச்சல் கேட்டது. வாலு பள்ளிப் பையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“கணக்கு, வேகத்தைப் படிச்சுச் சொல்லு. சத்தமா,” என்றார் அம்மா.

வளைவில் ஏறினோம். நேர்ப்பாதை வந்தது. அம்மா இண்டிகேட்டர் போட்டு, பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் இடம் இருந்தது. ஆனால் வேகமாகப் போனால்தான் அது இடம்.

“முப்பத்தொன்பது!” என்றேன். “நாப்பத்தாறு!”

எஞ்சின் அலறியது.

“ஐம்பத்திரண்டு...”

சனிக்கிழமை எண் இறங்கியது இங்கேதான். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அம்மாவின் முழங்கால் ஒரு விரல் உயரம் மேலே எழும்பியது.

“ஐம்பத்தாறு!” எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ! உடைந்து, கரகரவென்று வந்தது. “அம்மா, ஏறுது! அறுபத்து மூணு!”

முழங்கால் கீழே இறங்கியது.

“ஊஊஊஊஊ!” வாலு பையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஊளையிட்டான்.

“எழுபது! எழுபத்தாறு! எண்பது! எண்பதும்மா!”

பாதை முடிந்தது. நாங்கள் நெடுஞ்சாலையில் இருந்தோம். முன்னால் ஒரு கார், பின்னால் அந்த லாரி, நடுவில் நாங்கள். எல்லோரும் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். லாரி ஹாரன் அடிக்கவில்லை. அதன் பாட்டுக்குத் தள்ளியே வந்தது.

அம்மா காலைக் கொஞ்சம் தளர்த்தினார். எஞ்சின் உடனே அடங்கி, முணுமுணுக்கத் தொடங்கியது.

“ஏம்மா நிறுத்திடுச்சு?” என்றான் வாலு ஏமாற்றத்தோடு. “நான் இன்னும் முடிக்கவே இல்ல.”

அம்மா சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். சாவியைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சு அதன் பிறகு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அம்மா என் போர்வையை இழுத்தார். ஜன்னலில் நல்ல வெயில். அம்மா இரவெல்லாம் வீட்டில் தூங்கியதால் தலைமுடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

“அப்பா நாலு மணிக்குக் கிளம்பினது கேட்டுச்சா?” என்றார்.

“கேட்டுச்சு. உன் குறட்டையும் கேட்டுச்சு.”

“வாயைப் பாரு! எது வரைக்கும் எண்ணின?”

நான் யோசித்துப் பார்த்தேன். “பதினொண்ணு வரைக்கும் ஞாபகம் இருக்கு.”

“அப்புறம்?”

“அப்புறம் நீ வந்து எழுப்பிட்ட.”