மாற்றாத ஹோஸ்

புதுச்சத்திரம் தாண்டிக் கரும்பு லோடு லாரி ஒன்று நின்றுவிட்டதாக ஆரோக்கியராஜுக்குப் போன் வந்தபோது மணி பன்னிரண்டு. 2008, சித்திரை வெயில். இடத்தைக் கேட்டதும் வேறு யாரையாவது அனுப்பப் பார்த்தான். கடலூரில் அன்றைக்கு வேறு மெக்கானிக் யாரும் கிடைக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

சிதம்பரம் ரோட்டில் கானல் நெளிந்தது. லாரி ஒரு புளியமரத்தடியில் நின்றிருந்தது.

அதே மரம்.

வண்டி இருமி இருமி நின்றுபோனதாகவும், டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருப்பதாகவும் டிரைவர் காத்தவராயன் சொன்னான். டீசல் போகும் வழியில் எங்கேயோ காற்று இழுக்கிறது. ஆரோக்கியராஜ் டீசல் பில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்திவிட்டு, பக்கத்தில் டீசலை இழுக்கும் ஹேண்ட் பம்பின் குமிழை அடித்தான். டீசலோடு நுரை வந்தது. அடிக்க அடிக்க நுரை. டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸைத் தடவிப் பார்த்தான், வெடிப்பு இல்லை. டேங்கை விட்டுவிட்டு, புது ஹோஸ் ஒன்றை மாட்டி, மறுமுனையை நேராக டீசல் கேனுக்குள் விட்டான்.

அப்போதும் நுரைதான்.

நாலு மாதத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், மேல்பட்டாம்பாக்கத்து டிரைவர் கொளஞ்சியப்பன் இதே கோளாறோடு வந்திருந்தான். ஹோஸில் வெடிப்பு. ஸ்பேர் பார்ட்ஸ் கடை பூட்டியிருந்தது, ஆரோக்கியராஜுக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். வெடிப்பின் மேல் டேப்பைச் சுற்றிவிட்டு, புதுசு மாற்றிவிட்டதாகச் சொல்லி அனுப்பினான். மறுநாள் விடியலில், கண் தெரியாத பனியில், இந்த மரத்தடியில் வண்டி நின்றுபோனது. ஓரமாகக் குனிந்து ஹேண்ட் பம்பை அடித்துக்கொண்டிருந்தவன் மேல் பஸ் ஏறியது. பனியால் வந்த விபத்து என்றார்கள். ஆரோக்கியராஜும் சாவு வீட்டில் எல்லோரோடும் சேர்ந்து பனியைத்தான் திட்டினான்.

கை வலித்தது. பம்பை விட்டான்.

பம்பு நிற்கவில்லை.

டொக். டொக். டொக். யாரோ பொறுமையாக அழுத்துவதுபோல் அந்தக் குமிழ் தானாக இறங்கி ஏறியது. காத்தவராயன் மேலே சீட்டில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். மரத்தில் ஒரு இலை அசையவில்லை. அந்த வெயிலிலும் ஆரோக்கியராஜின் பிடரியில் மட்டும் பனி இறங்கியது.

காதோரம் மூச்சு.

"மேஸ்திரி, ஹோஸ் மாத்துனீங்களா?"

திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. பம்பு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"மாத்துனீங்களா?"

"மாத்தல," என்றான் ஆரோக்கியராஜ். "மாத்தலப்பா. பொய் சொன்னேன்."

பம்பு நின்றது. திருகின் வழியே நுரையில்லாத டீசல் வழிந்தது. திருகை இறுக்கியதும், காத்தவராயன் சாவி போட்ட முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அவன் தன் பட்டறைக்குத் திரும்பவில்லை. நேராக மேல்பட்டாம்பாக்கம் போனான். கொளஞ்சியப்பனின் மனைவி மங்கலம் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அடிப்பாள், ஊரைக் கூட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அடித்தால் தேவலை என்றிருந்தது.

மங்கலம் கடைசித் துணியையும் மடித்து வைத்தாள்.

"தெனமும் இந்த நேரத்துக்கு வருவாரு," என்றாள். "கையில டீசலு, போவ மாட்டேங்குதுன்னு தண்ணி ஊத்தச் சொல்லுவாரு. நான்தான் ஊத்துவேன்."

வீட்டுக்குப் பின்னால் வாளி நகரும் சத்தம் கேட்டது.

"இன்னைக்கு நீங்க போயி ஊத்துங்கண்ணே."

கொல்லையில் யாருமில்லை. தண்ணீர் நிரம்பிய வாளி, ஒரு சோப்புத் துண்டு. ஆரோக்கியராஜ் சொம்பில் மொண்டு, வெறுமையைப் பார்த்து ஊற்றினான்.

தண்ணீர் தரையில் விழவில்லை. இடுப்பு உயரத்தில், குவிந்த இரண்டு உள்ளங்கைகளின் வடிவத்தில் தேங்கி நின்றது.